இடுப்பில் கட்டிய அரிசி

3 மார்ச் 1952, திங்கள்

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பு டிஸ்பென்சரியில் பதினொரு பேர். காய்ச்சல் இரண்டு, உளி கீறிய கை ஒன்று, வயிற்றுப்போக்கு இரண்டு, கண் வலி ஒன்று. மிச்சம் ஐந்தும் இடுப்பு வலி.

இடுப்பு வலி என்று நோயாளிப் புத்தகத்தில் முழுதாக எழுதுவதை நிறுத்தி ஒரு வருஷமாகிறது. 'இ.வ.' போதும். இரண்டு மாத்திரை, உள்ளங்கையில் கொஞ்சம் தைலம், வேலைக்குப் போ. காய்ச்சல் என்றால் தர்மாமீட்டர் சொல்லும், புண் என்றால் கண்ணுக்குத் தெரியும். இடுப்பு வலியை அவர்கள் வாய்தான் சொல்கிறது. வாயை நம்பி லீவு எழுதினால் தொரை எனக்கு நிரந்தர லீவு கொடுத்துவிடுவார்.

வேலாயி இன்றும் வந்தாள். பத்து நாளில் நாலாவது தடவை. ஐந்தடி ஏழங்குலம் இருப்பாள். இந்த ரப்பர் தோட்டத்து ஆண்களிலேயே அவளைவிட உயரம் மூன்று பேர்தான். மாத்திரையை நீட்டினேன். கையை நீட்டவில்லை.

"அய்யா, இது வயித்துக்குத்தான் போவுது. இடுப்புக்குப் போவல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. இங்கே வைத்தியம் பார்க்கும் டிரெசர் நான்தானே. "நீ டிரெசரா, நான் டிரெசரா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று தெரிந்தது. மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் தொரை கூப்பிட்டார். மலாக்கா டவுனில் கம்பெனியின் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இடம் காலியாகிறதாம். என் பெயரை எழுதி அனுப்பியிருக்கிறாராம். என் மனைவி சுசீலாவிடம் சொன்னேன். எட்டு வருஷமாக இந்தத் தோட்டத்தில் இருக்கிறாள். அதில் ஏறக்குறைய நாலு வருஷம், காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளோடு சர்க்கார் சண்டை போடும் அவசர காலம், ஒரு வருஷம் முள்கம்பி வேலிக்குள். எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

5 மார்ச், புதன்

மழை. மரத்தில் பால் வெட்டு இல்லை. இ.வ. ஒருவர்கூட வரவில்லை. மழை பெய்தால் இடுப்பு வலிப்பதில்லை பாருங்கள் என்று தொரையிடம் சொல்லிச் சிரித்தேன். இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது: மழையன்று அவர்கள் குனியவும் இல்லையே.

8 மார்ச், சனி

வீராசாமி வந்தான். வேலாயியின் புருஷன். புகைக்கூண்டில் ரப்பர் ஷீட் காயப் போடுகிறவன், பேச்சுக் குறைவு.

"நான் ஒடம்புக்கு வரலீங்க அய்யா. அவளப் பத்திச் சொல்லணும். ராத்திரியில ஒரு பக்கமாப் படுக்க முடியல, எழுந்து எழுந்து ஒக்காந்துக்கிறா. பாதிச் சோறு தட்டுலயே கெடக்கு. புள்ளைங்க வாயத் தொறந்தா எரிஞ்சு விழுறா. முன்னெல்லாம் இப்படி இல்லீங்க. இடுப்பு வலின்னா அது இடுப்போட நிக்கணும்ல?"

மலாக்காவில் படித்த இரண்டு வருஷத்தில் இப்படி யாரும் கேட்டதில்லை.

சாயந்திரம் அவளை வரச் சொல்லி, சுசீலாவையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். வராந்தாவில் நடக்கச் சொன்னேன். வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை இறங்கியிருக்கிறது. முதுகுத்தண்டு கழுத்திலிருந்து நேராக வராமல் நடுவில் ஒரு பக்கம் ஒதுங்கி வருகிறது. இடுப்புக்கு மேலே இரண்டு பக்கத்துச் சதையும் முறுக்கிய கயிறு. மூச்சை நன்றாக இழு என்றேன். பாதியிலேயே நின்றுவிட்டது. பசி இல்லை. வயிறு மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் போகிறது. தலைவலி.

புத்தகத்தைப் பின்னால் புரட்டினேன். டிசம்பரில் வேலாயி, தலைவலி. ஜனவரியில் வேலாயி, மலச்சிக்கல். பிப்ரவரியில் வேலாயி, தூக்கமில்லை. அப்புறம் இ.வ., இ.வ., இ.வ. ஒரே முதுகு நாலு பெயரில் என்னிடம் வந்திருக்கிறது. நாலுக்கும் தனித்தனியாக மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

10 மார்ச், திங்கள்

சுசீலாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குக் கேட் திறந்ததும் பால்வெட்டுக்காரர்களோடு நானும் போனேன். வெறும் வயிற்றோடுதான் எல்லோரும் போகிறார்கள். காட்டிலிருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோக விடுவதில்லை. என்னைப் பார்த்து, "டிரெசரு உளி எடுத்துட்டாரு" என்று ஒரே கேலி.

வேலாயியின் நிரையில், அவளுக்கென்று ஒதுக்கிய மரவரிசையில், வெட்டு தரையிலிருந்து பதினோரு அங்குலத்தில் இருக்கிறது. வருஷா வருஷம் பட்டையைச் சீவிச் சீவி வெட்டு அடிமரத்துக்கு இறங்கிவிட்டது. ஐந்தடி ஏழங்குலம் பதினோரு அங்குலத்துக்கு இறங்க வேண்டும். முன்னூற்றைம்பது மரம். முட்டியை மடக்குவதில்லை. வெயில் ஏறினால் பால் நின்றுவிடும், மடக்கி எழுந்தால் நேரமாகும் என்று இடுப்பிலிருந்து அப்படியே கவிழ்கிறாள். பிறகு பால் நிறைந்த இரண்டு வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டி ஒன்றரை மைல் நடக்கிறாள். தோள் மாற்றுவதே இல்லை. என்றைக்கும் வலது தோள்தான்.

அடுத்த நிரை முனியம்மாவுடையது. அவள் நாலடி ஒன்பதங்குலம். அவள் மரங்களில் வெட்டு தலைக்கு மேலே. கட்டைவிரலில் எக்கி, கழுத்தைப் பின்னால் மடித்துக்கொண்டு வெட்டுகிறாள். கழுத்து வலி என்று மாதம் தவறாமல் என்னிடம் வருகிறவள்.

உயரமானவளுக்கு அடிவெட்டு, குள்ளமானவளுக்கு மேல்வெட்டு. எத்தனை வருஷமாக இப்படி நடக்கிறது? யார் கண்ணுக்கும் படவில்லையா? என் கண்ணுக்கும்தான் படவில்லை.

நானும் வேலாயியின் நிரையில் குனிந்து பார்த்தேன். பதினோராவது மரத்தில் நிமிர, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அப்புசாமி கை கொடுக்க வேண்டியதாயிற்று.

11 மார்ச், செவ்வாய்

இரண்டு பேருக்கும் நிரையை மாற்றிக் கொடுங்கள் என்று அப்புசாமியிடம் கேட்டேன். முடியாது என்றார்.

"அவ நெரை அவளுக்குத்தான். மரத்துக்கு மரம் கை பழகியிருக்கு. மாத்தி வுட்டு, நாளைக்கு மரத்துல காயம் பட்டா யாரு பதில் சொல்றது? நீங்க மருந்தப் பாருங்கய்யா."

13 மார்ச், வியாழன்

தொரையிடமும் சொன்னேன். அரைக் காகிதத்தில் படம்கூடப் போட்டுக் கொண்டுபோனேன். படத்தைப் பார்த்துவிட்டு, இதில் குட்டையாக இருப்பது யார் என்று கேட்டார். பிறகு, மாற்றல் வருகிற நேரத்தில் மண்டோர் வேலையில் தலையிடாதே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரித்துத்தான் சொன்னார்.

18 மார்ச், செவ்வாய்

ஒத்தடம் வேலை செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுசீலா உப்பை வறுத்துத் துணியில் கட்டி வேலாயிக்குக் கொடுத்தாள். அன்று ஐந்து மணி நேரம் ஒரே மூச்சாகத் தூங்கினாளாம். ஆனால் விடியற்காலையில் எழுந்தால் மறுபடி கட்டை. அந்தக் கட்டை உடம்போடு முதல் மரத்துக்குப் போய்க் குனிகிறாள்.

நான் சொன்னேன் (என் வார்த்தையை அப்படியே எழுதி வைக்கிறேன்): "சூடாவே இடுப்புல கட்டிக்கிட்டு வேலைக்குப் போ. அம்பது மரம் தாண்டிட்டா ஒடம்பு எளகிடும்."

உப்பு இரண்டாம் நாளே கசிந்து புடவையை நனைத்துவிட்டது. சுசீலாதான், "அரிசி சூட்ட நல்லாத் தாங்கும்" என்றாள். எலி புரண்டு, வண்டு விழுந்து, கோழிக்கென்று ஒதுக்கிவைத்த அரிசி தகரத்தில் கிடந்தது. ஒன்றரைக் கட்டி, அதாவது இரண்டு ராத்தல் இருக்கும். பழைய தலையணை உறையை வெட்டி, அரிசி ஒரே பக்கம் ஒதுங்காமலிருக்க நடுநடுவே தையல் ஓட்டி, இரண்டு பக்கமும் நாடா வைத்து நீளமான பை தைத்தாள். கற்பூரமும் வேப்பெண்ணெயும் நான் கலந்தேன். தினம் காலையில் வெறும் சட்டியில் அரிசியை வறுத்துப் பையில் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாக இருக்கிறது.

27 மார்ச், வியாழன்

வேலாயி நிமிர்ந்து வருகிறாள். முழுசாக இல்லை, முக்கால்வாசி. காண்டாவை வழியில் அடிக்கடி தோள் மாற்றச் சொல்லியிருக்கிறேன். முட்டியை மடக்கி, முதுகை நேராக வைத்து இறங்கு என்று வராந்தாவில் ஐந்தாறு பெண்களுக்குச் செய்து காட்டினேன். இஸ்திரி போட்ட வெள்ளைக் கால்சட்டை பின்னால் கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் யாரும் பாடத்தைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

வீராசாமி சொன்னான், வேலாயி நேற்று இரண்டாவது தடவை சோறு கேட்டாளாம். ரேஷன் அரிசியில் இரண்டாவது தடவைக்கு எங்கே போவது என்று அவனுக்குக் கவலை. கவலையைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

1 ஏப்ரல், செவ்வாய்

ஆபீஸ் பலகையில் புது நோட்டீஸ். நாளை முதல் கேட்டில் பெண்களைத் தடவிச் சோதிக்கப் பெண் ஆள் வருகிறாள். இதுவரை கான்ஸ்டபிள்கள் வாளியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு அனுப்புவார்கள். நோட்டீஸ் இங்கிலீஷில் இருந்தது, எல்லோருக்கும் நானே உரக்கத் தமிழில் படித்துச் சொன்னேன். அரிசி, மாவு, டின் சாமான், மருந்து, எதுவும் உடம்பில் மறைத்துக் கொண்டுபோகக் கூடாது.

படித்தேன். வாய்விட்டுப் படித்தேன்.

2 ஏப்ரல், புதன்

வேலாயியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சோதிக்க வந்தவள் பெயர் கமலவேணி, டவுன்காரி, முதல் நாள் வேலை. வேலாயியின் இடுப்பைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டு விசில் ஊதினாளாம். பையைக் கிள்ளிப் பார்த்தார்கள். அரிசி. கேட்டுக்கு வெளியே அரிசி கொண்டுபோனால் காட்டிலிருப்பவர்களுக்குத்தான். வேறு பேச்சே கிடையாது. வேலாயி, "மருந்துய்யா, டிரெசரக் கேளுங்க, மருந்து" என்று கத்தியிருக்கிறாள். லாரியில் ஏற்றி டவுன் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

எங்கள் மூன்று பேருக்கும் அது அரிசி என்று நினைவே இல்லை. வறுத்து, எண்ணெய் விட்டு, கற்பூரம் கலந்து, இடுப்பில் கட்டியாகிவிட்டது. அப்புறம் அது மருந்துதானே? சோறு வடிக்கிறதைத்தானே அரிசி என்போம்?

பத்து மணிக்கு ஸ்டேஷன் அதிகாரி, வெள்ளைக்காரர், டிஸ்பென்சரிக்கே வந்தார். தொரையும் கூட வந்தார். நீதான் அரிசி கட்டச் சொன்னாயா?

நான் சொன்னேன்: "சூடு வைக்கச் சொன்னேன். அரிசி என்று நான் சொல்லவில்லை."

ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். அரிசி என்று சொன்னவள் சுசீலா. புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். அதில் 'இ.வ., 2 மாத்திரை' என்றுதான் இருக்கிறது. தொரை என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

காட்டுக்கு மருந்து கொடுத்தான் என்று சந்தேகப்பட்டு லூபோக் சீனா பக்கத்தில் ஒரு டிரெசரைப் பிடித்துப் போய் எட்டு மாதமாகிறது. இன்னும் வரவில்லை. அதுதான் அந்த நேரத்தில் என் கண் முன்னால் நின்றது. வேறு எதுவும் நிற்கவில்லை.

3 ஏப்ரல், வியாழன்

சுசீலாவிடம் நானேதான் சொன்னேன். இலையில் சோறு அப்படியே இருக்க எழுந்துவிட்டாள்.

"பையத் தைச்சது நான். அரிசி நம்ம தகரத்து அரிசி. கற்பூரம் ஒங்க அலமாரிக் கற்பூரம். அவளோடது அந்தப் பையில என்ன இருக்கு, சொல்லுங்க? இடுப்பு மட்டுந்தான அவளோடது?"

மாற்றல் வருகிற நேரம் என்றேன். அந்த வார்த்தையை நான் வாயில் எடுத்திருக்கக் கூடாது.

4 ஏப்ரல், வெள்ளி

கணக்கு எழுதும் கிராணிகளின் ஆபீஸில் பேசிக்கொள்கிறார்கள். கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்கில் உள்ளே. இல்லாவிட்டால் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பல். எந்த இந்தியாவுக்கு? வேலாயி பிறந்தது இதே மலாக்காவில், செலண்டார் பக்கத்தில். அவள் இதுவரை போன தூரம் மலாக்கா கடற்கரை.

5 ஏப்ரல், சனி

வீராசாமி காலையில் வந்து டிஸ்பென்சரி பெஞ்சில் உட்கார்ந்தான். நான் போகச் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு சொன்னான்.

"நேத்து பாக்க வுட்டாங்க. சிமிண்டுத் தரையில போட்டு வச்சிருக்காங்க. அவளால தரையில படுக்க முடியாதுங்களே அய்யா. செவுத்தப் புடிச்சிக்கிட்டு நின்னுக்கிட்டே இருக்கா. ராத்திரி பூரா நின்னாளாம். ஒரு மாத்திரை குடுங்க, கொண்டு போறேன்."

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாத்திரை கேட்டான். கொடுத்தேன். அது வயிற்றுக்குத்தான் போகும்.

6 ஏப்ரல், ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. தலை வலிக்கிறது. தூக்கமில்லை. சுசீலா மூன்று நாள் கழித்து வாய் திறந்தாள்: "ஏன் இப்படிக் கூனிக்கிட்டு நடக்குறீங்க?"

என் இடுப்பில் ஒரு கோளாறும் இல்லை. புத்தகத்தில் என்னை என்ன பெயரில் எழுதுவது?

7 ஏப்ரல், திங்கள்

காலையில் புத்தகத்தை எடுத்து, மார்ச் 18 பக்கத்தில், வேலாயி பெயருக்கு எதிரே 'ஒத்தடம்' என்று நுணுக்கி எழுதிச் சேர்த்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தேன். அப்போதே எழுதியிருந்தேன், நீங்கள் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். இடமும் இருந்தது. அதிகாரி புத்தகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டார் என்பது பிறகுதான் உறைத்தது. பேனாவை மூடினேன். பயம்தான் காரணம், யோக்கியம் இல்லை.

நாளைக்குப் போகப் போகிறேன். எழுதி வைத்துவிட்டால் போய்த்தானே ஆக வேண்டும்.

8 ஏப்ரல், செவ்வாய்

போனேன்.

தோட்டத்து லாரியில் இடம் கேட்டேன். சுசீலாவும் புடவை மாற்றிக்கொண்டு வந்து ஏறிவிட்டாள். "தைச்சவ வர வேணாமா?" என்றாள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

ஸ்டேஷனில் அதே அதிகாரி. பக்கத்தில் மலாய் சார்ஜன்ட். நான் உட்காரவில்லை. சொன்னேன்: சூடாகக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ என்று சொன்னது நான். அரிசி என் வீட்டு அரிசி. பை என் மனைவி தைத்தது. எண்ணெயும் கற்பூரமும் நான் போட்டது. அந்தப் பெண்ணுக்கு எதுவும் தெரியாது.

"அன்றைக்கு ஏன் சொல்லவில்லை?"

"பயந்துவிட்டேன்."

இங்கிலீஷில் அது ஒரே வார்த்தைதான். அதைச் சொல்ல ஆறு நாள் ஆகியிருக்கிறது.

அவர் நம்பவில்லை. டிரெசரும் உடந்தை என்று எழுதப் போகிறார் என்றே நினைத்தேன். அப்போது சுசீலா என்னிடம் தமிழில் சொன்னாள், "அந்தப் பையத் தொறந்து பாத்தாங்களான்னு கேளுங்க." கேட்டேன். திறக்கவில்லை. பிடித்த அன்றே சீல் வைத்து அலமாரியில் பூட்டிவிட்டார்கள். கிள்ளிப் பார்த்தார்கள், அரிசி, தீர்ந்தது.

சார்ஜன்ட் எடுத்துவந்து மேஜையில் கொட்டினார். பத்துப் பன்னிரண்டு தடவை வறுத்த அரிசி, காப்பிக்கொட்டை நிறம். வண்டு வேறு. வேப்பெண்ணெய் நெடி அறை முழுக்க ஏறிவிட்டது. சார்ஜன்ட் ஒன்றை எடுத்துப் பல்லில் கடித்தார். "புசோக்லா!" என்று ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு அதிகாரியைப் பார்த்தார். நாறுகிறது என்று அவர் சொன்னதை மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் இருந்தது. இதைக் காட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர்களே அவளைச் சுட்டிருப்பார்கள் என்று அதிகாரி சொன்னார். சிரிக்கவில்லை.

என்னிடம் வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். மூன்று பக்கம். சாயந்திரம் வரை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துக் கேள்வி மேல் கேள்வி. நாலு மணிக்கு எங்களைப் போகச் சொன்னார்கள். வேலாயியை இன்னும் விடவில்லை, மேலே கேட்க வேண்டுமாம்.

உள்ளே அவளைப் பார்க்க விடவில்லை. ஒருவேளை விட்டிருந்தால் என்ன பேசியிருப்பேன்?

11 ஏப்ரல், வெள்ளி

இன்னும் விடவில்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

வேலாயி வந்துவிட்டாள். வருஷப்பிறப்பு கழிந்து இரண்டாம் நாள். லாரியிலிருந்து இறங்க இரண்டு பேர் பிடித்தார்கள். கேட்டிலிருந்து தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்துக்கு நூறு தப்படி. நடுவில் மூன்று இடத்தில் நின்றாள். டிஸ்பென்சரியைத் தாண்டித்தான் போனாள். நான் வாசலில் நின்றேன். திரும்பவில்லை.

21 ஏப்ரல், திங்கள்

மலாக்கா மாற்றல் இல்லை என்று கடிதம் வந்துவிட்டது. காரணம் எழுதவில்லை. தொரை, நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது முதல் நாளே திறந்திருக்கலாம் என்றார். இந்த ஒரு விஷயத்தில் தொரையும் சுசீலாவும் ஒரே கட்சி. சுசீலா டிரங்குப் பெட்டியிலிருந்து பாத்திரங்களை எடுத்து மறுபடி பரணில் அடுக்கினாள். சத்தம்தான் கொஞ்சம் கூடுதல்.

28 ஏப்ரல், திங்கள்

ஒரு வேடிக்கை. வேலாயி உள்ளே இருந்தபோது அவள் நிரையை வெட்ட அப்புசாமி முனியம்மாவை அனுப்பியிருக்கிறார். அவளுக்கு அடிவெட்டு சௌகரியமாகப் போய்விட்டது. கழுத்து வலி நின்றுவிட்டது. இப்போது திருப்பிக் கொடு என்றால், "நான் மாட்டேன், என்னய வேணும்னா லாரியில ஏத்துங்க" என்கிறாளாம். வேறு வழியில்லாமல் மேல்வெட்டு வேலாயிக்கு வந்திருக்கிறது. நிமிர்ந்தே வெட்டலாம். உயரம் பார்த்து நிரை கொடுக்க வேண்டும் என்று தான் வெகுநாளாகச் சொல்லி வருவதாக அப்புசாமி என்னிடமே சொன்னார்.

5 மே, திங்கள்

போன மாதக் கணக்கு போட்டேன். ஏப்ரல் பதினைந்துக்குப் பிறகு இ.வ. ஒன்றுகூட இல்லை. தொரைக்கு ரொம்ப சந்தோஷம்.

அவர்கள் வலி போகவில்லை. என்னிடம் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார்கள். காலையில் பெரட்டுக் களத்தில் பார்க்கிறேன், இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். டிஸ்பென்சரி பக்கம் தலை திரும்புவதில்லை. லயத்துப் பிள்ளைகள் ஒரு புது விளையாட்டு கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒருவன் மற்றவன் தலையில் குட்டிவிட்டு, "நான் அரிசின்னு சொல்லவே இல்லையே!" என்று சொல்லி ஓடுகிறான். என் வீட்டு வாசலிலேயே விளையாடுகிறார்கள். விரட்டவில்லை.

12 மே, திங்கள்

சுசீலா வேலாயி வீட்டுக்குப் போய் வந்தாள். மேல்வெட்டு பரவாயில்லையாம், ஆனால் சிமிண்டுத் தரையில் கிடந்த நாட்களில் இடது கால் வரைக்கும் வலி இறங்கிவிட்டதாம். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன்.

"சொன்னா. 'அவரு மொதல் நாளே வந்திருந்தா எனக்கு இந்தக் கால் வலி இல்ல டிரெசரம்மா'ன்னா."

உண்மை. கால் வலிக்கு இதற்கு மேல் சரியான காரணம் என் புத்தகத்தில் இல்லை.

2 ஜூன், திங்கள்

வேலாயி வரிசையில் நின்றாள்.

அவளாக வந்தாள். பின்னால் நாலு பெண்கள், முனியம்மா முதற்கொண்டு. என்னைப் பார்க்காமல் உள்ளே கதவோரம் நின்ற சுசீலாவிடம் ஒரு துணி மூட்டையை நீட்டினாள்.

"டிரெசரம்மா, அதே மாதிரிப் பை அஞ்சு தைச்சுக் குடுங்க. ஆத்து மணலச் சலிச்சுக் கொண்டாந்திருக்கேன். மணல எவனும் தின்ன மாட்டான்."

மணல்! அரிசியைவிட நன்றாகச் சூட்டைத் தாங்கும். கசியாது, வண்டு விழாது, ரேஷன் கிடையாது. ஆற்றில் கொட்டிக் கிடக்கிறது. இரண்டு வருஷம் படித்த எனக்கும், தைத்த சுசீலாவுக்கும் தோன்றவில்லை. ஸ்டேஷன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு கண் கலங்கிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "கால் வரைக்கும் எறங்கியிருக்கு. எங்க வச்சிக் கட்டணும்னு காட்டுங்க" என்றாள், இப்போது என்னைப் பார்த்து.

சுசீலாவின் கையைக் கொண்டு இடம் காட்டினேன். அப்புறம் புத்தகத்தை எடுத்தேன். வேலாயி, இடுப்பு வலி, இடது கால் வரை. முழுதாக எழுதினேன். சுடு மணல் பை; கட்டிக்கொண்டே வேலைக்குப் போகலாம்; இது என் யோசனை. கீழே காளிதாஸ் என்று கையெழுத்து. ஐந்து பேருக்கும் அப்படியே. கேட்டில் காட்ட ஐந்து சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

3 ஜூன், செவ்வாய்

காலை ஆறு மணி. ஐந்து பேரும் கேட்டுக்குப் போவதை டிஸ்பென்சரி வாசலிலிருந்து பார்த்தேன். போகாமல் இங்கேயே நிற்பதா என்று ஒரு நிமிஷம்தான். பிறகு நானும் கேட் வரைக்கும் போய்ப் பத்தடி தள்ளி நின்றேன்.

கமலவேணி வேலாயியின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். பையைக் கிள்ளினாள், முகர்ந்தாள், ஒரு மூலையைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். மணல். சீட்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாரு குடுத்த சீட்டு? நாளைக்கு மேலேருந்து கேட்டா யாரு வந்து பதில் சொல்றது?"

"டிரெசரு வருவாரு" என்றாள் வேலாயி. நான் நிற்பது அவளுக்குத் தெரியும். வாளியை எடுத்து இடது தோளில் காண்டாவை வைத்துக்கொண்டாள். "ஆறு நாளு ஆகும். ஆனா வந்துருவாரு."